இணையச் செயலி செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: யாழ்ப்பாணத்திலிருந்து சில பதில்கள்

யாழ்ப்பாணத்தில் இணையச் செயலி செய்து கொடுப்பவர்களில் பலர் தனி ஆட்கள், இல்லாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்த சின்னக் குழுக்கள். வாடிக்கையாளர்கள் கலியாண மண்டபம், ரியூசன் சென்ரர், நகைக்கடை, கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் என்று இருப்பார்கள். ஒப்படைக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். கம்பஸ் முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைமார் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கோட் எழுதப் பழக்க ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. எழுதியதை ஐந்து வருடம் உயிரோடு வைத்திருப்பது பற்றிச் சொல்பவர் குறைவு என்பதால் அந்தப் பக்கமே அதிகம் கதைக்கிறேன்.

அண்ணா, எந்த மொழி, எந்த ஃபிரேம்வேர்க் நல்லது?

உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அல்லது கொழும்பில் வேலை கிடைத்தால், இந்தக் கோட்டைத் திறந்து திருத்தக்கூடிய இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் இருக்கிறார்களா? அப்படி ஆட்கள் இருக்கிற மொழிதான் நல்லது. ஆயத்தச் சட்டகமான ஃபிரேம்வேர்க்கும் அப்படியே: லாராவெல், ஜாங்கோ, எக்ஸ்பிரஸ் எதுவாக இருந்தாலும் சரி. மண்டப முன்பதிவுக்குப் பத்து மைக்ரோசேர்விஸ், அதாவது தனித்தனியாக ஓடும் குட்டிச் செயலிகள், தேவையில்லை. ஒரு செயலி, ஒரு டேட்டாபேஸ், ஒரு சேர்வர் போதும்.

தொடங்குமுன் ஒன்றை மட்டும் பாருங்கள்: நீங்கள் எடுக்கும் பதிப்புக்கு எதுவரை ஆதரவு உண்டு? பிஎச்பி 8.1 க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 டிசெம்பர் 31 உடன் நின்றுவிட்டன. நோட் ஜேஎஸ் 18 அதே வருடம் ஏப்ரலில் முடிந்தது. தளம் ஓட இடம்தரும் ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பதிப்பைத் தந்தால் அதிலேயே தொடங்கிவிடாதீர்கள். பிறகு மாற்றுவதற்கு யாரும் காசு தரமாட்டார்கள்.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் யாருடைய பெயரில் எடுப்பது?

டொமைன், அதாவது தளத்தின் முகவரி, ஹோஸ்டிங் இரண்டும் வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கார்டில். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இங்கே அடிக்கடி நடப்பது என்னவென்றால், கடை முதலாளி “தம்பி, எல்லாத்தையும் நீங்களே பாருங்கோ” என்பார். தம்பியும் தன் ஜிமெயிலில் கணக்குத் திறந்து, தன் கார்டில் காசு கட்டி, வேலையை முடித்துக் கொடுப்பார். மூன்று வருடம் கழித்துத் தம்பி கனடாவில். கார்டு காலாவதி. புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல்கள் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போகின்றன. ஒருநாள் காலை கடையின் இணையத்தளம் இல்லை, அந்த டொமைனில் இருந்த மின்னஞ்சலும் இல்லை. டொமைன் தன்னுடையது என்று நிரூபிக்க முதலாளியிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இராது.

ஆகவே வேலை தொடங்கும் அன்றே வாடிக்கையாளரைப் பக்கத்தில் இருத்தி, நிறுவனத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் உருவாக்குங்கள். டொமைன், ஹோஸ்டிங், இணையத்தில் பணம் வாங்கித் தரும் கட்டண நுழைவாயில், எஸ்எம்எஸ் கணக்கு எல்லாம் அதில் இருக்கட்டும். உங்களுக்கு வேண்டிய அனுமதியை உங்கள் பெயரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கட்டப் பாதுகாப்புக்கான மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அவருடைய அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

தமிழ் விகுதியோடு, அதாவது ‘.இலங்கை’ என்று முடியும் டொமைன் கேட்பவர்களும் உண்டு. 2010 இலிருந்து அது இருக்கிறது. பலகையில் அழகாகத் தெரியும். ஆனால் அந்த முகவரியில் மின்னஞ்சல் வைத்தால் பல படிவங்கள் அதை ஏற்காது. ‘.எல்கே’ யையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து சிலவேளை பெட்டியாக, சிலவேளை கேள்விக்குறியாக வருகிறதே?

எப்படிப் பழுதாகியிருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். வெறும் பெட்டிகள் என்றால் தரவு சரி, அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. மேலே கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று கொத்தாக வந்தால், யுடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் (எழுத்தைக் கணினி சேமிக்கும் முறை) உள்ள தரவை லத்தீன்-1 என்ற பழைய முறை என்று நினைத்துப் படிக்கிறீர்கள். பெரும்பாலும் மீட்கலாம். வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் வந்தால் கவலைக்குரியது. டேட்டாபேஸில் எழுதும்போதே எழுத்து தொலைந்துவிட்டது, திரும்ப வராது. டேட்டாபேஸ், அட்டவணை, இணைப்பு ஆகிய மூன்றிலும் எழுத்துமுறையைச் சரிபாருங்கள். பலர் மறப்பது இணைப்பைத்தான்.

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்று பழைய பெயரில் இருப்பது ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் சரியாக 3 பைட் என்பதால் பிழை தெரியாமலே நாட்கள் போகும். யாராவது கருத்துப் பெட்டியில் ஒரு எமோஜி போட்டதும் பிழை வரும், அல்லது எமோஜியிலிருந்து மிச்சம் முழுவதும் வெட்டுப்படும். ‘யுடிஎஃப்8எம்பி4’ தான் தேவை. 8.0 பதிப்பிலிருந்து அதுவே இயல்புநிலை, ஆனால் பழைய டேட்டாபேஸைக் கொண்டுவந்து ஏற்றினால் பழைய அமைப்பும் கூடவே வரும்.

இங்கே இன்னொரு பெரிய தலையிடி பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. சங்கங்கள், பாடசாலைகள், அச்சகங்கள் கொடுக்கும் வேர்ட் கோப்புகளில் பாதி இன்னும் பாமினியில்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். அதை அப்படியே பதிவேற்றிப் பாமினி எழுத்துருவையும் சேர்த்துவிட்டால் பார்க்கத் தமிழாக இருக்கும். கூகுளுக்கும் தேடலுக்கும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கும் அது தமிழே இல்லை. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் இடையில் இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழாக்கிக் குழப்பிவிடும். ஒருவர் இருந்து வாசித்துத் திருத்தத்தான் வேண்டும். அதற்கான நேரத்தையும் விலைக்கணிப்பில் போடுங்கள்.

‘கொக்குவில்’ என்று ஊரைத் தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். ஏன்?

‘கொ’ வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஓகாரமும் ஔகாரமும் அப்படியே. தீர்வு எளிது: சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோட் இயல்பாக்கம், அதாவது என்எஃப்சி, செய்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தன், பிஎச்பி எல்லாவற்றிலும் ஒரே வரி. அப்புறம் வாட்ஸப்பிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளையும் நீக்குங்கள். ‘ஔ’ க்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதற்குத் தனியாக ஒரு மாற்று எழுத வேண்டும்.

எழுத்தை எண்ணுவதிலும் கவனம். ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து. புள்ளியும் காலும் தனித்தனிக் குறியீடு என்பதால் யூனிகோட்டில் 11 குறியீடு, யுடிஎஃப்-8 இல் 33 பைட். முதல் 5 குறியீட்டோடு வெட்டினால் ‘யாழ்ப’ என்று புள்ளி போய் நிற்கும். தலைப்பைச் சுருக்கிக் காட்டும் இடங்களில் இந்தப் பிழையை எத்தனையோ தளங்களில் பார்க்கலாம். பிரவுசரில் ‘இன்டல் செக்மென்டர்’ (Intl.Segmenter) என்ற வசதி இருக்கிறது, எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும்.

வரிசைப்படுத்துவது தனிக் கதை. குறியீட்டு எண்ணை வைத்து அடுக்கினால் ‘கணேசன்’ முன்னுக்கும் ‘கண்ணன்’ பின்னுக்கும் வரும். அகராதியில் மெய் முதலில் வருவதால் கண்ணன்தான் முன்னே. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஐசியு என்ற மொழி நூலகம் வழியாகத் தமிழ் வரிசை கிடைக்கும். பிரவுசரிலும் மொழியைத் தமிழ் என்று குறித்து ஒப்பிடலாம். வாக்காளர் பட்டியல் போல நீண்ட பெயர்ப்பட்டியல் என்றால் இதைச் செய்யுங்கள். இருபது பேர் உள்ள பட்டியலுக்கு மெனக்கெட வேண்டாம்.

பெயருக்கு எத்தனை பெட்டி வைப்பது?

ஒன்று. ‘முழுப்பெயர்’ என்று ஒரே ஒரு பெட்டி.

நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், சிலர் தகப்பன் பெயரையே முழுதாக முன்னால் எழுதுவார்கள். வெளிநாடு போனவர்களுக்குக் கடவுச்சீட்டில் அது தலைகீழாகி, தகப்பன் பெயரே குடும்பப்பெயராகிவிடும். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் ஒரே ஆள் மூன்று விதமாகப் பதிவாகியிருப்பார். வங்கியோ விமானச் சீட்டோ கேட்டால் மட்டும் ‘கடவுச்சீட்டில் உள்ளபடி’ என்று தனியாகக் கேளுங்கள். பெயரின் உச்ச நீளத்தை 30 என்று வைத்துவிடாதீர்கள். நம்முடைய பெயர்கள் ஆங்கிலத்திலேயே அதைத் தாண்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கும்போது இரண்டு வடிவத்தையும் ஏற்க வேண்டும். பழையது 9 இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும். 2016 இலிருந்து வருவது 12 இலக்கம். இரண்டிலும் பிறந்த வருடத்தை அடுத்து வரும் மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூடும். இதிலே ஒரு பொறி உண்டு: எந்த வருடமாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 1985 மார்ச் 1 இல் பிறந்த ஆணுக்கு 060 வராது, 061 வரும். சாதாரண நாட்காட்டி நூலகத்தைக் கொண்டு கணக்கிட்டால் மார்ச் 1 இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் பலருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் தள்ளிப்போகும். உண்மையில் பிறந்த திகதியை நேரடியாகக் கேட்பதே மேல். அடையாள இலக்கம் தேவையில்லாத இடத்தில் அதைக் கேட்காமலே விடுவது இன்னும் மேல்.

ரொறன்ரோவில் இருப்பவருக்குத் திகதி ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது. என்ன செய்ய?

கலியாண மண்டபத்தைப் பதிவுசெய்வதே பாதி வெளிநாட்டிலிருந்துதான் என்பதால் இது இங்கே எல்லோருக்கும் வரும் பிழை. மண்டபம் 14 ஆம் திகதி என்பதை நள்ளிரவு நேரமாகச் சேமித்திருப்பீர்கள். நமது நள்ளிரவு யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், முதல்நாள் மாலை 6.30. ரொறன்ரோவில் முதல்நாள் பிற்பகல் 1.30 அல்லது 2.30. பிரவுசர் அதை அங்குள்ள நேரத்துக்கு மாற்றி 13 என்று காட்டுகிறது. சபையில் பெரியப்பா ஒரு நாளும் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு நாளும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

திகதி மட்டும் என்றால் திகதி வகையிலேயே சேமியுங்கள், நேரத்தைத் தொடவே வேண்டாம். நடந்து முடிந்த நிகழ்வுகளை, அதாவது எப்போது பணம் வந்தது, யார் எப்போது மாற்றினார் என்பவற்றை, யுடிசியில் வையுங்கள். இனி நடக்கப்போவதை, முகூர்த்தம் காலை 9.12 என்பதுபோல, உள்ளூர் நேரமாகவும் ‘ஏசியா/கொழும்பு’ என்ற வலயப் பெயரோடும் வையுங்கள். வெறும் ‘+5.30’ என்று எழுதிவிடக் கூடாது. இலங்கை 1996 மே மாதம் மணிக்கூட்டை +6.30 க்கும், அதே வருடம் ஒக்டோபரில் +6.00 க்கும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் திரும்ப +5.30 க்கு வந்தது. அந்தப் பத்து வருடத்துப் பழைய பதிவுகளைக் கையாள்பவருக்கு வலயப் பெயர் இல்லாவிட்டால் கணக்கே சரிவராது.

கரண்ட் போனால் பாதியில் நிரப்பிய படிவம் போய்விடுகிறது. இதற்கு நாங்கள் என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடு முழுவதும் இருண்டது. உங்கள் சேர்வர் சிங்கப்பூரில் பத்திரமாக இருக்கும். அணைவது பயனரின் ரவுட்டர்.

நீண்ட படிவங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஒவ்வொரு பக்கத்தையும் சேர்வரில் வரைவாகச் சேமியுங்கள். பிரவுசரிலேயே சேமிப்பதும் உதவும். ஆனால் இங்கே பலர் கொமினிகேசன் கடையில் இருந்து விண்ணப்பம் நிரப்புகிறார்கள், அடுத்து வருபவருக்கு இவருடைய விபரம் தெரிந்துவிடும். அடையாள இலக்கம், வங்கி இலக்கம் போன்றவற்றைப் பிரவுசரில் விட்டுவைக்காதீர்கள்.

இதைவிட முக்கியமானது இரட்டைப் பதிவு. பயனர் ‘பணம் செலுத்து’ பட்டனை அழுத்துகிறார், இணைப்பு விழுகிறது, பதில் வரவில்லை, மறுபடி அழுத்துகிறார். பட்டனை மங்கலாக்குவது மட்டும் இதற்குப் போதாது. படிவத்தைத் திறக்கும்போதே ஒரு தனி இலக்கத்தை உருவாக்கி அதோடு அனுப்புங்கள். டேட்டாபேஸில் அந்த இலக்கம் ஒருதரம் மட்டுமே வரலாம் என்று கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாம் தரம் வந்தால் புதிதாகப் பதியாமல் முதல் பதிலையே திருப்பிக் கொடுங்கள். கட்டண நுழைவாயில் அனுப்பும் அறிவிப்பும் இரண்டு மூன்று தரம் வரலாம், அங்கேயும் இதே முறைதான். பயனர் ‘நன்றி’ பக்கத்துக்குத் திரும்பி வந்துவிட்டார் என்பதை மட்டும் வைத்துக் காசு வந்ததாக எடுக்க வேண்டாம். அந்த முகவரியை யாரும் கையால் தட்டலாம். நுழைவாயிலின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்த்த அறிவிப்பு வந்தால்தான் பணம் வந்ததாகக் கணக்கு.

தளம் மெதுவாக இருக்கிறது. எங்கே தொடங்குவது?

படங்களில். பத்தில் எட்டுத் தளத்துக்கு அதுதான் பதில் என்று அடித்துச் சொல்வேன். போனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிட்டு, அதை 300 பிக்செல் பெட்டிக்குள் காட்டிக்கொண்டிருப்பார்கள். பதிவேற்றும்போதே சேர்வரில் சிறிதாக்கி வெப்பி என்ற பட வடிவத்துக்கு மாற்றுங்கள். தமிழ் எழுத்துருவையும் முழுக் குடும்பமாக ஏற்றாமல் தேவையான தடிப்பு ஒன்றிரண்டு மட்டும் வைத்தால் போதும்.

அடுத்தது தூரம். கண்ணாடியிழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகும். அமெரிக்கக் கிழக்குக் கரை இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். போய்வர ஆகக் குறைந்தது 140 மில்லி செக்கன். பாதுகாப்பான இணைப்பு ஒன்றைத் திறந்து முதல் பதில் வாங்க மூன்று தரம் போய்வர வேண்டும். சிங்கப்பூர் என்றால் அதே கணக்கில் ஒரு சுற்று 28 மில்லி செக்கன்தான். பயனர்கள் இங்கே இருந்தால் சிங்கப்பூர் அல்லது மும்பையில் சேர்வர் எடுங்கள். வாசகர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பரவியிருந்தால் படங்களுக்கு மட்டும் சிடிஎன், அதாவது பல நாடுகளில் பிரதி வைத்துப் பக்கத்திலிருந்து அனுப்பும் சேவை, போடலாம்.

பிறகு டேட்டாபேஸ். செயலி டேட்டாபேஸிடம் கேட்பவை வினவல்கள். அவற்றில் மெதுவானவற்றின் லொக்கை, அதாவது பதிவேட்டை, திறந்து பாருங்கள். தேடும் நிரலில் (அட்டவணையின் ‘கொலம்’) விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ் இல்லாமலிருக்கும், அல்லது நூறு மாணவர் பட்டியலுக்கு நூற்றொரு வினவல் போயிருக்கும். ரெடிஸ் என்ற வேகமான தற்காலிகச் சேமிப்பைப் போடலாமா என்று கேட்பவர்களில் அநேகருக்கு இரண்டு இன்டெக்ஸ் போதும்.

பேக்கப் ஹோஸ்டிங் நிறுவனமே எடுக்கிறது என்கிறார்கள். போதாதா?

போதாது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவையை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் அதில் இருந்தன. மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்கு இணைப்பிலிருந்து துண்டித்து வைத்த பிரதி இருக்கவில்லை. இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. ஒரு பிரதியாவது, சேர்வரின் கடவுச்சொல்லைக் கொண்டு அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பேக்கப் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்பது அடுத்த ஆபத்து. 2017 ஜனவரி 31 அன்று, கோட் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பிரதிமுறைகள் இருந்தன. தினசரிப் பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரிடமும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணித்தியாலம் முன்பு எடுத்த ஒரு நகல் இருந்ததால் இழப்பு அந்த ஆறு மணித்தியாலத்தோடு நின்றது. இதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், பாராட்ட வேண்டும்.

நீங்கள் செய்யவேண்டியது மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை ஒரு வெற்றுக் கணினியில் மீட்டு, கடைசிப் பதிவின் திகதியைப் பார்ப்பது. பதிவேற்றிய கோப்புகள் டேட்டாபேஸ் பிரதிக்குள் வராது, அவற்றைத் தனியாக எடுங்கள். மீட்க எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் குறித்து வையுங்கள். வாடிக்கையாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

சின்னத் தளத்தை யார் ஹக் பண்ணப்போகிறார்கள்?

ஆட்கள் வருவதில்லை, தானியங்கிகள் வருகின்றன. அவற்றுக்குச் சின்னது பெரியது தெரியாது. இரகசியச் சாவிகளை, கோட்டின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் போடாதீர்கள். போட்டுவிட்டால் அந்த வரியை அழிப்பது போதாது, வரலாற்றில் கிடக்கும், சாவியையே மாற்ற வேண்டும். எஸ்கியூஎல் வினவலில் பயனர் தந்ததை ஒட்டுப்போட்டு எழுதாதீர்கள்.

நமது ஊர்ச் செயலிகளில் அதிகம் காணும் ஓட்டை வேறு. பற்றுச்சீட்டுப் பக்கத்தின் முகவரியில் 1045 என்று இருக்கும். அதை 1046 ஆக்கினால் இன்னொருவரின் பெயர், தொலைபேசி, கட்டிய தொகை எல்லாம் வரும். உள்நுழைந்திருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு, இந்தச் சீட்டு இவருடையதா என்று பார்க்காமல் விட்டதன் விளைவு. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாடிக்கையாளரும் ஒருதரம் வாசிக்கட்டும். தேவையில்லாத விபரங்களைச் சேகரிக்கும் ஆசை தானாகக் குறையும்.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு: கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். தமிழில் அது 24 குறியீடு. அதற்கு மேல் எதைத் தட்டினாலும் கதவு திறக்கும்.

எஸ்எம்எஸ் செலவு ஏன் இரட்டிப்பாகிறது?

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70. நீண்டு பல துண்டாகப் போனால் துண்டுக்கு 67. ‘உங்கள் முன்பதிவு உறுதியாகிவிட்டது.’ என்ற வரி நமக்கு 18 எழுத்துப்போல இருந்தாலும் இடைவெளி, முற்றுப்புள்ளியோடு 34 எடுக்கும். மண்டபத்தின் பெயரையும் திகதியையும் சேர்த்தால் இரண்டாம் துண்டு தொடங்கிவிடும். முக்கியமானதை மட்டும் எழுதி, மிச்சத்துக்கு இணைப்புக் கொடுங்கள். அதற்காகத் தமிழை விட்டுவிட வேண்டாம்.

பிரவுசரில் பூட்டு அடையாளம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் திடீரென்று காலாவதியாகிவிடுகிறது.

தானாகப் புதுப்பிக்க விடுங்கள், கையால் செய்யும் காலம் முடிகிறது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் சான்றிதழ் வழமையாக 90 நாள்தான். காலாவதி நெருங்கும்போது அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சலையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். எல்லா நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கும் உச்ச ஆயுள் 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2027 இல் 100, 2029 இல் 47 என்று குறைகிறது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்லும் ஒரு கண்காணிப்புச் சேவையையும் சேர்த்துவிடுங்கள்.

புதிய பதிப்பை எப்போது ஏற்றுவது?

அடுத்த நாள் நீங்கள் மேசையில் இருக்கப்போகும் ஒரு நாளில், காலையில். வெள்ளி பின்னேரம் வேண்டாம். கோயில் தளம் என்றால் கொடியேற்றத்துக்கு முதல்கிழமை வேண்டவே வேண்டாம். நல்லூர் 25 நாள் திருவிழா, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் நேரலை பார்க்க வருவார்கள். திருவிழா முடியும்வரை கோட்டில் கை வைக்காமல் இருக்கலாம்.

டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவதென்றால் ஒரே அடியில் செய்யாதீர்கள். முதலில் அட்டவணையில் புதிய நிரலைச் சேருங்கள், பழையதும் இருக்கட்டும். கோட் இரண்டிலும் எழுதட்டும். பழைய தரவை நகர்த்துங்கள். புதியதிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். இரண்டு கிழமை ஒரு குறையும் இல்லை என்றால் பழையதை நீக்குங்கள். சோலியாகத் தெரியும். ஆனால் எந்தப் படியில் பிழைத்தாலும் முந்தைய கோட்டுக்குத் திரும்பிப் போகலாம். நிரலை முதல்நாளே அழித்துவிட்டால் திரும்ப வழியில்லை.

ஏஐ எழுதித் தரும் கோட்டைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துங்கள். வரிக்கு வரி விளங்கப்படுத்த முடியாத எதையும் ஏற்றாதீர்கள். அது சொல்லும் பொதி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோட், உண்மையில் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டே நிறுவுங்கள். இல்லாத பொதியின் பெயரைச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு, அந்தப் பெயரில் தீய பொதியைப் பதிந்து வைப்பவர்களும் உண்டு.

“தம்பி, சைட் வேலை செய்யேல்லை” என்று போன் வந்தால்?

முதலில் “என்ன தெரியுது ஐயா? ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்புங்கோ” என்று கேளுங்கள். பாதி நேரம் அவருடைய டேட்டா முடிந்திருக்கும். பிழைப் பக்கத்தில் ஒரு சிறிய இலக்கத்தைக் காட்டும்படி செய்து, அதே இலக்கத்தை லொக்கிலும் எழுதினால் அந்த ஒரு படத்தை வைத்தே இடத்தைப் பிடித்துவிடலாம். லொக்கில் கடவுச்சொல்லும் கார்டு இலக்கமும் விழாமல் பாருங்கள்.

பராமரிப்புக்குக் காசு கேட்டால் “ஒண்டும் பழுதாகேல்லையே” என்கிறார்கள். எப்படிக் கேட்பது?

முதல் விலைமனுவிலேயே இரண்டு வரியாகப் போடுங்கள்: செய்வதற்கு இவ்வளவு, வருடப் பராமரிப்புக்கு இவ்வளவு. வேலை முடிந்தபின் கேட்டால் அது பிச்சை மாதிரித்தான் தெரியும். பராமரிப்பில் என்னென்ன அடங்கும் என்றும் எழுதுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு, பேக்கப் மீட்டுப் பார்ப்பது, டொமைன் புதுப்பிப்பு நினைவூட்டல், மாதத்துக்கு இத்தனை மணித்தியாலச் சிறு திருத்தம். புதிய வசதி இதில் சேராது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ‘சின்ன வேலைதான் தம்பி’ என்று வருவதெல்லாம் புதிய வசதிதான்.

மாதம் ஒரு பக்கத்தில் அறிக்கை அனுப்புங்கள். எத்தனையாம் திகதி பேக்கப் மீட்டுப் பார்த்தீர்கள், எந்தெந்தப் பொதி புதுப்பித்தீர்கள், தளம் எத்தனை நிமிடம் நின்றது. தமிழில், வாட்ஸப்பில். அதைப் பார்க்கும் முதலாளி அடுத்த வருடம் கேள்வி கேட்பதில்லை. அப்படியும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். கோட், கடவுச்சொற்கள், கடைசிப் பேக்கப், சேர்வரை அமைக்கும் குறிப்பு எல்லாவற்றையும் ஒப்படைத்து, திகதியிட்டுக் கையொப்பம் வாங்கிக்கொண்டு, உங்கள் அனுமதிகளையும் அன்றே நீக்கிவிடுங்கள்.